வெயில் படாத இடத்தில் வரும் தோல் புற்றுநோய்

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை திருகோணமலையின் உப்புவெளிக் கரையிலும் நிலாவெளிக் கரையிலும் வெள்ளைக்காரப் பயணிகள் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி அதே மணலில் நம் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். இரு தரப்பார் மீதும் விழுவது ஒரே வெயில்தான். ஆனால் தோல் புற்றுநோய் என்று வந்துவிட்டால் அது உடம்பில் எங்கே வருகிறது, எந்த வகையாக வருகிறது, எவ்வளவு பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது என்ற மூன்றுமே இவர்களுக்குள் வேறுபடுகின்றன.

இந்த நோயைப் பற்றி நம் கைக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் அந்தப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. அவுஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அங்கிருக்கும் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் அந்த நாட்டுத் தோலின் படமாகவே இருக்கும்: வெளிறிய முதுகு, நடுவில் ஒரு கரும்புள்ளி. பார்ப்பவர் 'இது வெள்ளைக்காரருக்கு வரும் வருத்தம்' என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார். அவர் சொல்வதில் பாதி சரி. கறுத்த, மாநிறத் தோலுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு குறைவு. ஆனால் வரும்போது அதன் மோசமான வகைகள் உள்ளங்காலில், நகத்துக்கடியில், பழைய தழும்பில் என்று யாரும் தேடிப் பார்க்காத இடங்களில் வருகின்றன. திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பழைய தழும்புகளைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

முதலில் வெயிலைப் பார்த்துவிடுவோம். திருகோணமலைக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை வருகிறது. சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டி ஒரு தடவை, ஓகஸ்ட் முடிவில் இன்னொரு தடவை. மேகமில்லாத நண்பகலில் புறஊதாக் கதிர்ச் சுட்டெண் இங்கே 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுதான் உச்சப் படி. காய்ந்த கடல்மணல் இந்தக் கதிரில் ஏறக்குறைய 15 வீதத்தையும், அலை நுரை 25 வீதத்தையும் திருப்பி மேலே அனுப்பும். தொப்பி போட்டாலும் கீழிருந்து முகத்தில் அடிக்கும் என்று அர்த்தம். கச்சான் காற்று வீசும்போது வேர்வை காய்ந்துவிடுவதால் உறைப்பு தெரியாது. கதிர் குறைவதில்லை.

இந்தக் கதிர் தோல் கலத்துக்குள் இருக்கும் மரபணு இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. உடம்பு அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பிக்கொள்ளும். இந்தப் பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த அஸீஸ் சஞ்சாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாள்தோறும் நடக்கும் சேதத்தில் ஏதோ ஒன்று திருத்தப்படாமல் தப்பி, அதுவும் கலப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் நடந்துவிட்டால் புற்றுக்கு வழி திறக்கிறது. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி, கலத்தின் கருவுக்கு மேலே கவிந்து நின்று இந்தக் கதிரைத் தடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு இதுதான்.

அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களும் நம்மிடையே உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாமல், வெள்ளை முடியோடும் வெளிறிய தோலோடும் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த வெயில் நேரடி ஆபத்து. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, வெயில் தடுப்புக் கிரீம் மூன்றும் அவர்களுக்கு மருந்துக்குச் சமம். நண்பகல் விளையாட்டுப் போட்டியிலிருந்து அப்படியொரு பிள்ளைக்கு விலக்குக் கேட்கப் பெற்றோர் தயங்கக் கூடாது. மரபணுவைப் பழுதுபார்க்கும் சக்தியே இல்லாமல் பிறக்கும் அரிய குறைபாடு ஒன்றும் உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. சிறுநீரகம் மாற்றியவர்கள் உடம்பு அதை ஏற்றுக்கொள்வதற்காக வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுக்க வேண்டும். அவர்களுக்கும் தோல் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம். பதவி சிறிபுர போன்ற, சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிகள் நம் மாவட்டத்திலேயே இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, வகைகளுக்கு வருவோம். தோலில் வரும் முக்கியப் புற்றுகள் மூன்று. கிளினிக் கொப்பியில் பி.சி.சி. என்று எழுதியிருந்தால் அது அடிக்கலப் புற்று. முகத்தில், குறிப்பாக மூக்கு, கண்ணுக்குக் கீழ், கன்னம் ஆகிய இடங்களில் வரும். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டால் அடியில் இருக்கும் குருத்தெலும்பையும் அரித்துக்கொண்டு போகும். வெளிறிய தோலில் மினுமினுப்பான சிவந்த கட்டியாகத் தெரியும் இது, நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே இருப்பதால் மச்சமென்றோ மருவென்றோ நினைத்துவிடுகிறோம். சாதாரண மச்சம் பொருக்குத் தட்டுவதும், பொருக்கு விழுந்து ரத்தம் கசிவதும், திரும்பப் பொருக்குத் தட்டுவதும் இல்லை. இந்தச் சுற்று ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் காட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது செதிட்கலப் புற்று, கொப்பியில் எஸ்.சி.சி. கெட்டியான தடிப்பாக, செதில் செதிலாக, அல்லது ஆறாத புண்ணாக வரும். தொட்டால் ரத்தம் வரும். வெள்ளைக்காரர்களில் இது முகம், காது, கையின் மேல்புறம் என்று வெயில் பட்ட இடங்களில்தான் அதிகம். கறுத்த தோலில் வெயிலோடு சம்பந்தமில்லாத இடங்களில், காலில், மறைவிடங்களில், பழைய காயங்களில் இதன் பங்கு பெரிது. கீழ்ச் சொண்டில் வருவதும் இந்த வகைதான். நாள் முழுக்க வள்ளத்தில் நிற்பவர் வாயில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொள்பவராகவும் இருந்தால், மூன்று வாரத்தில் ஆறாத சொண்டுப் புண்ணை அவர் வெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது மெலனோமா. எண்ணிக்கையில் மிகக் குறைவு. உயிரெடுப்பதில் முன்னுக்கு நிற்பது. நிறமியை உண்டாக்கும் கலங்களிலேயே தொடங்குகிறது. மில்லிமீற்றர் கணக்கில்தான் இதன் தீவிரம் அளக்கப்படுகிறது: தோலுக்குள் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஆழத்தில் வெட்டியெடுத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைக்கிறார்கள். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் நிலைமை மிகவும் சிக்கலாகிவிடுகிறது. அமெரிக்காவில் மெலனோமா வந்த வெள்ளையர்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். கறுப்பினத்தவர்களில் அது நூற்றுக்கு 70 அளவுக்குத்தான். பிந்திக் கண்டுபிடிப்பது இதற்கு ஒரு பெரிய காரணம்.

மச்சத்தைச் சந்தேகிக்க ஒரு பழகிய முறை உண்டு. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியோடு பொருந்தவில்லையா, விளிம்பு ஒழுங்கில்லையா, ஒரே மச்சத்துக்குள் பல நிறமா, குறுக்களவு ஆறு மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டதா, மாதக்கணக்கில் மாறிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பது. இவற்றில் கடைசியானதை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் போதும் என்பது என் கருத்து. 40 வயதுக்குப் பிறகு புதிதாகத் தோன்றி வளரும் கறுப்புக்கும், பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் மச்சத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நமக்கு வரும் மெலனோமாவில் பெரும் பங்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கடியிலும்தான். வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. வெள்ளையர்களுக்கும் இந்த வகை வரும். அவர்களுக்கு வேறு மெலனோமாக்கள் ஏராளமாக வருவதால் இது அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. நமக்கு மற்றவை மிகக் குறைவு என்பதால் இதுவே முன்னுக்கு வந்து நிற்கிறது.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் பயணம் போகும் யோகம் என்று மச்ச சாஸ்திரம் பலன் சொல்லும். பிறவியில் இருக்கும் சின்ன மச்சத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் 50 வயதில் குதிக்காலில் புதிதாக ஒரு கறை தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் அதற்குப் பலன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், இந்த வகைக் கட்டி எப்போதும் கறுப்பாகவே இருக்கும் என்றும் இல்லை. சில இளஞ்சிவப்பாக, வெறும் புண்ணாகத்தான் தெரியும். கால் ஆணி என்று நினைத்து பாமசியில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டுகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவராக இருந்தால் சீனிப் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கட்டுகிறார்கள். வீட்டில் நினைப்பது மட்டுமல்ல, மருத்துவர்களே அப்படி நினைத்துவிடுவது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காக மருந்து கட்டியும் சுருங்காத உள்ளங்கால் புண்ணைப் பார்த்து, "இதில் ஒரு பயொப்சி எடுத்துப் பார்ப்போமா, டொக்டர்?" என்று, அதாவது சின்னத் துண்டொன்றை வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பும்படி, நோயாளி கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

நகத்துக்கு வருவோம். ஜமெய்க்கப் பாடகர் பொப் மார்லியின் வலது காற்பெருவிரல் நகத்துக்கடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகை மெலனோமாதான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். விரலை எடுக்க அவர் உடன்படவில்லை. 1981 மே மாதம் 36 வயதில் இறந்துபோனார். நம் ஊரில் காற்பெருவிரல் அடிபடாத ஆள் யார்? கிண்ணியாவில் பந்து விளையாடும் பெடியனுக்கும், வள்ளத்தைத் தள்ளும்போது கல்லில் கால் மோதியவருக்கும் நகத்துக்கடியில் கறுப்பு விழத்தான் செய்யும். அதில் எது அடி, எது மற்றது என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னுக்கு நகரும். கறுப்பின் பின்விளிம்புக்கும் நகத்தின் அடிக்கும் நடுவே சில வாரங்களில் சுத்தமான புது நகம் தெரியத் தொடங்கும். கைநகம் முழுக்க வளர ஏறக்குறைய ஆறு மாதம். காற்பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் கறுப்பு முழுக்க மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நகர்கிறதா என்று பார்த்தால் போதும். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை நீளக் கோடாக ஓடி, மாதங்கள் போனாலும் இடம் மாறாமல் இருக்கும் கறுப்பு வேறு சங்கதி. அதிலும் பயப்பட வேண்டாத கோடுகள் உண்டு: கறுத்த தோலுள்ள பலருக்கு வயது போகப் போகப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வரும். ஒரே ஒரு நகத்தில், அதுவும் பெருவிரலில், மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அகன்று, அடிப்பக்கம் இன்னும் அகலமாகிக்கொண்டு போவதுதான் சந்தேகத்துக்குரியது. நகத்தைச் சுற்றியிருக்கும் தோலுக்கும் கறுப்பு இறங்கிவிட்டால் ஒரு நாளும் பிந்தக் கூடாது. ஜொனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த அடையாளம் அது. இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். பிள்ளைகள் போட்டுவிடும் நகப்பூச்சும் மருதாணியும் இதை மறைத்துவிடும். கிளினிக்குக்குப் போகும்போது நகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு போங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன பழைய தழும்பு.

1828இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் நெடுநாள் காயங்களில் உண்டாகும் ஒரு வகைப் புண்ணை விவரித்தார். அந்தப் புண் புற்றுதான் என்பது பிற்காலத்தில் தெளிவானது. இன்று மார்ஜோலின் புண் என்றால் பழைய தீக்காயத் தழும்பிலோ ஆறாத காயத்திலோ வரும் புற்று என்று பொருள். பெரும்பாலும் செதிட்கலப் புற்று. காயம் பட்டதற்கும் புற்று வருவதற்கும் இடையே சராசரியாக 30 ஆண்டுகள் அளவு இடைவெளி. தழும்புத் தோல் மெல்லியது. மூட்டுக்கு மேலே இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் இழுபட்டு வெடிக்கும், ஆறும், திரும்பவும் வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் கலங்கள் அவசரமாகப் பெருக வேண்டியிருக்கிறது. தழும்புக்குள் ரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் குறைவு என்பதால் உடம்பின் காவல் கலங்களும் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. தழும்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், வெயிலால் வரும் செதிட்கலப் புற்றைவிட இது அதிக வேகமாகப் பரவுகிறது.

இப்போது நம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1980களிலிருந்து 2009 வரை யுத்தம். ஷெல் காயம், எரிகாயம், மிதிவெடியில் போன கால்கள். 1990இல் பத்து வயதில் சுடுபட்ட பிள்ளைக்கு 30 ஆண்டுகள் 2020இல் முடிந்துவிட்டன. 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் காயத்தோடு இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு 2036இல் வரும். தோல் ஒட்டிச் சிகிச்சை செய்த தீக்காயத்தைவிட, தானாக ஆறட்டும் என்று விடப்பட்ட காயத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். அந்த நாட்களில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதே எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

யுத்தம் மட்டுமல்ல. மின்சாரம் இல்லாத வீடுகளில் குப்பி விளக்குச் சரிந்து மண்ணெண்ணெய் பற்றி எரிந்த பிள்ளைகள் இலங்கை முழுக்க இருந்தார்கள். அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குட்டையான, கனமான, எளிதில் சரியாத விளக்கு ஒன்றை உருவாக்கிப் பரப்பினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அன்று எரிந்த பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் உரசி உரசிப் புண்ணாகும் மொட்டைக்காலிலும், தொழுநோயால் உணர்ச்சி போன பாதத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் புண்ணிலும் இதே புற்று வரலாம்.

தழும்பு உள்ள எல்லோருக்கும் வராது. தீக்காயத் தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவுக்குத்தான் இப்படி மாறுவதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் "அந்தக் காலத்துக் காயம்தானே" என்று சொல்லியே காலத்தைக் கடத்துகிறார். இத்தனை வருடமாகப் பேசாமல் இருந்த தழும்பில் புதிதாகப் புண் வந்தால், புண்ணின் விளிம்பு தடித்து மேலெழும்பினால், பூக்கோவா போலச் சதை வளர்ந்தால், புதிதாக நாற்றமோ வலியோ ரத்தக் கசிவோ தொடங்கினால் அது பழைய காயம் இல்லை. காலில் புண் என்றால் கவட்டியிலும், கையில் என்றால் கமக்கட்டிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

இதன் இன்னொரு உறவு, உடுப்பு இறுகும் இடத்தில் வரும் புற்று. வேட்டி கட்டும் இடுப்பில் வந்த செதிட்கலப் புற்றுகளை மும்பையில் கனோல்கர் என்ற நோயியல் மருத்துவர் 1945இலேயே எழுதியிருக்கிறார். சேலைக்குள் பாவாடை நாடாவை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டும் பெண்களுக்கும் வந்திருக்கிறது. மிக அரிது. இருந்தாலும் இடுப்பில் நாடா பதியும் கோட்டில் புண் ஆறாமல் இருந்தால் கூச்சப்படாமல் காட்ட வேண்டும். அதுவரை அகலப் பட்டி வைத்த பாவாடைக்கு மாறிக்கொள்ளலாம்.

மருவையும் மச்சத்தையும் சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுட்டு எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மச்சத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். புற்றாக இருந்தால் மேலே இருப்பது கருகிப்போகும், அடியில் இருப்பது வளரும், பரிசோதிக்கக் கையில் எதுவும் மிஞ்சாது. எங்கே எதை வெட்டியெடுத்தாலும் அந்தத் துண்டை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

'கத்தி பட்டால் புற்று பரவும்' என்ற பயம்தான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது. பயொப்சி எடுப்பதால் தோல் புற்று பரவுவதில்லை. பரவியிருப்பது ஏற்கெனவே பரவியிருக்கும்; கத்தி பட்ட பிறகுதான் அது நமக்குத் தெரியவருகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன மச்சமென்றால் முழுதாகவும், பெரிய புண்ணென்றால் விளிம்பில் சில இடங்களிலும் துண்டெடுப்பார்கள். தழும்புப் புண்ணில் ஒரு இடத்தில் மட்டும் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தும் புண் ஆறவில்லை என்றால், திரும்ப எடுக்கும்படி கேட்கலாம்.

அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கிராமத்து வைத்தியசாலையில் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இலும், மூதூர் வழியில் இருக்கும் மற்றப் பாலங்கள் அதற்குப் பின்னரும் திறந்த பிறகு, துறையில் காத்துக்கிடந்த காலம் மூதூர் ஆட்களுக்கும் முடிந்துவிட்டது. புற்று என்று உறுதியானால் முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். கதிர் சிகிச்சையோ மருந்தோ தேவைப்பட்டால் மட்டக்களப்பு, தெல்லிப்பழை, மகரகம என்று அனுப்புவார்கள். பயொப்சி கொடுத்த அன்றே முடிவு வராது, வாரக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில் புண் கொஞ்சம் காய்ந்ததைப் பார்த்து முடிவை வாங்கப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். துண்டுச்சீட்டில் இருக்கும் இலக்கத்தைப் போனில் படம் பிடித்து, குறித்த திகதியில் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த அறிக்கையை வாங்குங்கள்.